நம்ம வீட்டுக் குறுக்குவெட்டு

போன வாரம் லிஃப்ட்காரர் சுத்தியலும் கையுமாகத் தன் வீட்டு வாசற்படிகளைத் தானே உடைத்துக்கொண்டிருந்தபோது, நாம் நாகரிகமாக ஒதுங்கி வந்துவிட்டோம். இந்த வாரம் எட்டிப் பார்த்தால் படிகள் நான்கும் போயிருந்தன. முன்னறைத் தரையும் போயிருந்தது. முட்டி ஆழத்துக்கு ஒரு பள்ளமும், பள்ளத்துக்குள் இடுப்பில் கை வைத்தபடி லிஃப்ட்காரரும்தான் மிச்சம்.

“இன்னிக்குக் கான்கிரீட். அப்புறம் ரோடு வரட்டும், பாத்துக்கலாம்” என்றார். ரோடு அவரிடம் வேலை கேட்டு வருகிறது என்பது போலிருந்தது குரல்.

உள்ளறை வாசலில், கால் இரண்டையும் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி, யாருடைய கோட்டுக்கோ பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டார்.

“வெளியில இருந்த படியைத் தூக்கி வீட்டுக்குள்ள வச்சிருக்கீங்க. இதுக்குப் பேரு முன்னேற்றமா?”

“உள்ள ஒரு சாய்வுப் பலகை போட்டுத் தரேன்னு சொன்னேன்ல?”

“பலகை வர்றதுக்குள்ள என் முட்டி போயிடும்.”

“உன் முட்டிக்காகத்தான்டி இவ்வளவும்!”

இது உண்மை. இந்தக் கதையில் இதுவரை லிஃப்ட்காரர் பேசியதில் கலப்படமில்லாத உண்மைகளை எண்ணினால் ஒரு கையில் விரல் மிஞ்சும். அதில் இது ஒன்று.

ஓய்வு பெறும்வரை அவர் ஒரு பழைய கட்டடத்தில் கைப்பிடி லிஃப்ட் ஓட்டியவர். அந்த லிஃப்ட் தானாக நிற்காது. சரியான நொடியில் கைப்பிடியைத் திருப்பினால்தான் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒட்டி நிற்கும். “மேல கீழ போறதைக் கயிறு பாத்துக்கும். ஏறுறவங்களுக்குக் கால் தட்டாம நிறுத்தறதுதான் என் வேலை” என்பார். பிறகு கட்டடத்துக்குப் பொத்தான் லிஃப்ட் வந்தது; இவர் வீட்டுக்கு வந்தார். பொத்தான் லிஃப்டில் ஏற அவருக்கு ரோஷம் இடம் தருவதில்லை. மாடிப்படி ஏற மூச்சு இடம் தருவதில்லை. ஆகவே மேல்மாடிகளில் குடியிருக்கும் உறவினர்களைப் பார்த்து வெகுகாலமாகிறது. இரு தரப்புக்கும் இதில் வருத்தமில்லை.

ஊரையே கால் தட்டாமல் ஏற்றி இறக்கியவரின் வீட்டு வாசலில் நான்கு படி. முன்னறைதான் மனைவியின் தையல் கடை. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, பேண்ட் அடி மடிப்பது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டி வலி. தைக்கிறவருக்கு முழு வலி. ஒவ்வொரு நாளும் அவர் அந்தப் படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி, சுவரைப் பிடித்து இறங்குவதைக் கணவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். எதுவும் சொன்னதில்லை. சொல்லத் தெரியாததால் சுத்தியலை எடுத்தார்.

அந்தத் தெருவைத்தான் அகலப்படுத்திப் புது ரோடு போடப்போகிறார்கள். அதை வரைகிற அலுவலகத்தில்தான் மருமகள் வேலை பார்க்கிறாள்.

கடைச் சுவரில், துணியைப் போட்டுப் பார்க்கிற ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில், அவள் கொண்டுவந்து தந்த வரைபடம். அதன் நடுவே கொட்டை எழுத்தில்: புது ரோடு, பழைய ரோட்டுக்கு மேல் 0.15.

“பதினஞ்சு சென்டிமீட்டர்! ஒரு சாண்கூட இல்ல. நம்ம தரை அறுபதுல உக்காந்திருந்துச்சு. அதை இறக்கு பதினஞ்சுக்கு. முடிஞ்சுது” என்று பக்கத்துப் பேக்கரிக்காரருக்குப் பள்ளத்திலிருந்தபடியே அண்ணாந்து விளக்கினார் லிஃப்ட்காரர்.

பேக்கரிக்காரர் தன் கடையின் நான்கு படிகளுக்கு மேலே மாவுக் கையோடு நின்றிருந்தார். எதையும் இரண்டு தரம் யோசித்து, மூன்றாம் தரம் யோசிப்பதற்குள் தூங்கிவிடுகிறவர்.

“ரோடு வந்தப்புறம் உடைச்சா ஆகாதா அண்ணே?”

“வந்தப்புறம் எல்லாரும்தான் உடைப்பான். வர்றதுக்கு முன்னாடியே உடைக்கணும்னா வீட்டுல ஒரு எஞ்சினியர் இருக்கணும்.”

கைப்பையோடு கிளம்பிய மருமகள், பள்ளத்துக்குக் குறுக்கே போட்டிருந்த பலகையில் நடந்து வெளியே வந்தாள்.

“நான் எஞ்சினியர் இல்ல மாமா. டிப்ளமோ.”

“அடக்கத்தைப் பாருய்யா” என்றார் மாமனார், பேக்கரிக்காரரிடம்.

*

மருமகள் ரோடு வரைகிறவள் இல்லை. வரைந்த ரோட்டுக்கு லேபிள் போடுகிறவள்.

ஒரு வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையிலும் தோல் எவ்வளவு தடிப்பு, விதை எங்கே என்று எழுதி வைத்தால் எப்படியோ, அப்படி ஒரு வேலை. கம்ப்யூட்டரில் ரோட்டைக் குறுக்கே நறுக்குவார்கள். ஒவ்வொரு வில்லையிலும் நடுக்கோட்டிலிருந்து ஓரம் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு, பழைய தரைக்கு மேல் புது ரோடு எவ்வளவு உயரம் என்று எண்கள் நிற்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்க வேண்டும். அலுவலகத்தில் அவள் பெயரே லேபிள் ஆகிவிட்டது. சம்பளம் வாங்கும்போது மட்டும் முழுப் பெயரைச் சொல்வார்கள்.

அந்த சாஃப்ட்வேரில் லேபிளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ரோட்டைத் தூக்கினால் எண் தானாக மாறும். இறக்கினால் திரும்ப மாறும். காற்றடிக்கும் பக்கம் சாய்கிற மனிதர்களைப் போல, சத்தம் போடாமல், வெட்கப்படாமல் மாறும். ஆனால் அந்த லேபிளை உடைத்து, எழுத்தைத் தனியாகப் பிரித்து, கையால் தட்டச்சு செய்துவிட்டால் அது லேபிள் இல்லை. வெறும் எழுத்து. அதற்குப் பிறகு ரோடு மேலே போனாலும் கீழே போனாலும் எழுத்துக்குக் கவலை கிடையாது.

இதை யாரும் செய்ய மாட்டார்கள். செய்யக்கூடாது என்று வேலையில் சேர்ந்த புதிதிலேயே சொல்லித் தருவார்கள். அவள் ஒரே ஒரு முறை செய்தாள். அதற்குக் காரணம் ஒரு மூக்கு.

அவள் கணவன், அதாவது லிஃப்ட்காரரின் ஒரே மகன், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டியவனுக்கு வீட்டில் ஒரு மூக்கு மட்டும் அகப்படவில்லை. “எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது. எழுத்துதான் முன்ன மாதிரி இல்ல, சின்னதாயிடுச்சு” என்பார் அப்பா. மகன் மனம் தளராமல், அப்பாவுக்கென்றே செய்த ஒரு கண்ணாடியைக் கூட்டோடு சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பான். என்றாவது ஒரு நாள் கேட்பார் என்று. துவைக்கப் போடும்போதெல்லாம் அம்மா அதை எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுவார். அந்த வீட்டில் கண்ணாடி போடாத ஒரே ஆளின் கண்ணாடி, எல்லாரையும்விட அதிகம் சட்டை மாற்றியிருக்கிறது.

ஆகவே, “நம்ம வீட்டுக்கு முன்னாடி ரோடு எவ்வளவு உயரம் வருதுன்னு ஒரு பிரிண்ட் எடுத்துட்டு வாம்மா. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்” என்று மாமனார் கேட்டபோது, மருமகள் தன் வீட்டு வில்லையில் மட்டும் லேபிளை உடைத்துப் பெரிதாக்கி, அன்றைய எண்ணைக் கையால் அடித்துக் கொடுத்தாள். 0.15.

அன்றைக்கு அது சரியான எண்தான்.

*

இன்று வரைபடக் கட்டு முழுவதும் கையெழுத்துக்குப் போகிற நாள். கடைசியாக ஒருமுறை வில்லை வில்லையாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். எண்கள் ஒழுங்காக, ஒன்றை ஒன்று மிதிக்காமல், நல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல நின்றிருந்தன.

தன் தெரு வந்தது. 0.58. அடுத்தது 0.59. அடுத்து, கொட்டை எழுத்தில் 0.15. அதற்கடுத்தது 0.60, பேக்கரி.

தன் வீட்டு வில்லையைப் பெரிதாக்கினாள். ரோட்டின் கோடு 0.15-இல் இல்லை. மேலே போய், வீட்டுத் தரையைக் காட்டும் கோட்டோடு ஒட்டி, ஒரே நேராக நின்றிருந்தது. எழுத்து மட்டும் பழைய இடத்தில் பழைய எண்ணோடு.

எழுத்தின் மேல் கிளிக் செய்தாள். லேபிளாக இருந்தால் சுற்றி நீலக் கட்டங்கள் வரும். வரவில்லை. அது எதனோடும் இணைந்திருக்கவில்லை. அதை அழித்து உண்மையான லேபிளைப் போட்டாள். சாஃப்ட்வேர் யோசிக்கவே இல்லை. 0.60.

ரோடு, வீட்டுத் தரையின் உயரத்துக்கே வருகிறது. கால் தட்டாமல், படியில்லாமல், ஒரு நூல் இடைவெளியில்லாமல். அளவெடுத்தபோது இருந்த வீட்டுத் தரையின் உயரத்துக்கு. மாமனார் தோண்டி எடுத்துவிட்ட தரையின் உயரத்துக்கு.

அவர் சும்மா இருந்திருந்தால் போதும். ரோடு தானாக வந்து வாசலில் நின்றிருக்கும்.

அவள் அங்கிருந்து எழுந்து, ரோட்டை வரைகிறவரிடம் போனாள். அலுவலகத்தில் அவரை லைன் சார் என்பார்கள். நல்ல மனிதர். கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

“சார், என் வீட்டுக்கு முன்னாடி ரோடு ஏறியிருக்கு.”

“ஆமா, அந்தத் தெரு பூரா தூக்கினேன். மழைத்தண்ணிக் குழாயைப் பெருசா போடணும்னுட்டாங்க. குழாய்க்கு மேல மண்ணு வேணும்ல?” அவர் முகம் மலர்ந்தது. “தூக்கறதுதான் தூக்கறோம், கொஞ்சம் பாத்துத் தூக்குவோம்னு பாத்தேன். எல்லா வீடும் நாலு படி. சரியா தரைக்கு ஒட்டி நிக்கற மாதிரி கொண்டுவந்துட்டேன். இனிமே அந்தத் தெருவுல யாருக்கும் படியே வேண்டாம். உன் மாமியாருக்கு முட்டி வலின்னு சொல்வியே? அவங்களையும் நினைச்சுக்கிட்டேன்.”

அவள் திரையில் தன் வீட்டு வில்லையைச் சுட்டினாள்.

“சார், அந்த ஒரு இடத்துல மட்டும் இறக்க முடியுமா?”

“ஏன்?”

“மாமா தரையை இறக்கிட்டாரு.”

லைன் சார் அவளுக்காகவே மௌஸைப் பிடித்து, அந்த இடத்தில் கோட்டைக் கீழே இழுத்துக் காட்டினார். குழாய் ரோட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தது. வில்லைகள் எல்லாவற்றிலும் எண்கள் வரிசையாக மாறின. கையை எடுத்ததும் எல்லாம் பழையபடி மேலே வந்து நின்றன.

“பாத்தியா? நான் என்ன பண்ணட்டும் சொல்லு. தண்ணி என் பேச்சைக் கேக்காது.”

“லேபிளைத் தப்பா விட்டது நான்தான் சார்.”

“இப்ப சரி பண்ணிட்டேல்ல?”

“பண்ணிட்டேன்.”

“அப்புறம் என்ன? கட்டு சுத்தமாயிடுச்சு.” ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்தார். “அனுப்பிட்டு வீட்டுக்குக் கிளம்பு.”

*

கான்கிரீட் மட்டும் இன்று விழாமல் இருந்தால் பிழைத்தார்கள். எடுத்த மண்ணைத் திரும்பக் கொட்டிக் கதவு நிலையைப் பழைய இடத்துக்குத் தூக்கிவிடலாம். விழுந்துவிட்டால் நிலை, ஷட்டரின் தடம், எல்லாம் அந்தப் பள்ளத்து உயரத்திலேயே இறுகிவிடும். ரோடு வந்தபின் மழை பெய்தால், தெருவின் தண்ணீர் முதலில் விசாரிக்க வருவது தையல் கடைக்குத்தான்.

வீட்டுக்கு அழைத்தாள். மாமியார்தான் போனை எடுத்தார். பின்னால் கலவை இயந்திரம் கடகடவென்று சுற்றியது.

“அத்தை, கான்கிரீட்டை நிறுத்தச் சொல்லுங்க.”

“யாரை?”

“மாமாவை.”

“கல்யாணமானதுலேருந்து அவரை நான் எதுல நிறுத்தியிருக்கேன்? நீயே பேசு, இந்தா.”

“சொல்லு எஞ்சினியரம்மா!” மாமனார் குரலில் சிமெண்ட் தூசியும் சந்தோஷமும் இருந்தன.

“மாமா, கொஞ்சம் நிறுத்துங்க. அந்த நம்பர் இப்ப சரியில்ல.”

“எந்த நம்பர்? செவுத்துல இருக்கறதா? காலையிலகூட பாத்தேனே, சரியாத்தான் இருக்கு.”

“அது நான் கையால எழுதினது மாமா.”

“அதைத்தான் நானும் சொல்றேன். நீ எழுதினது. வேற எவனாவது எழுதியிருந்தா நான் படியை உடைச்சிருப்பேனா?”

“மாமா, ரோடு இப்ப...” என்று அவள் தொடங்குவதற்குள் அவர் குறுக்கிட்டார்.

“இங்க பாரு, நான் கைப்பிடி பிடிச்சவன். உள்ள நிக்கறவங்க ஆயிரம் சொல்வாங்க, கொஞ்சம் மேல போ, கொஞ்சம் கீழ வான்னு. லிஃப்ட்காரன் கோட்டைத்தான் பாப்பான். யோவ், அந்த மூலையில கொட்டுய்யா! அப்புறம் பேசறேன்மா.”

போன் மாமியாரிடம் திரும்பியிருக்க வேண்டும். இயந்திரச் சத்தம்தான் கேட்டது. அதற்கு நடுவே மாமியார் மெதுவாக, “தப்பா?” என்றார்.

“ஆமா அத்தை.”

“உன் புருஷனை அனுப்பு.”

கணவனை அழைத்தாள்.

“சொல்லு. இடது கண்ணை மூடிக்கங்க சார். ம், சொல்லு.”

“உடனே வீட்டுக்குப் போங்க. கான்கிரீட் போட விடாதீங்க.”

“ஏன்? இந்த வரிசை தெரியுதா சார்?”

“நான் கொடுத்த நம்பர் தப்பு. ரோடு அறுபது வருது.”

“எவ்வளவு? இல்ல சார், நீங்க சொன்னது சரி. எவ்வளவு?”

“அறுபது. பழைய தரை அளவுக்கே வருது. மாமா தோண்டியே இருக்க வேண்டாம்.”

அந்தப் பக்கம் யாரோ, “கீழ் வரிசை ஒண்ணும் தெரியலையே” என்றார்கள்.

“எனக்கும்தான்” என்றான் கணவன். பிறகு, “நான் போய் அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? உன் மேலதான் அவருக்கு மரியாதை.”

“அதனாலதாங்க நீங்க சொல்லணும்.”

அவன் கிளம்பினான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பரிசோதனைக்கு வந்தவரை ஒரு கண்ணோடு விட்டுவிட்டுக் கிளம்பினான்.

*

கட்டு அச்சாகி, எண்ணி, அடுக்கி, அனுப்பிய பிறகுதான் மருமகளால் வெளியே வர முடிந்தது. பையில் தன் வீட்டு வில்லையின் புதுப் பிரதி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தாள். பேச்சை நம்பாதவர் அச்சை நம்புவார் என்று ஒரு கடைசி யோசனை. பஸ்ஸில் அதை மடியில் வைத்து, மூலைகளைத் தடவிக்கொண்டே வந்தாள்.

தெருவுக்குள் நுழைந்ததும் இயந்திரச் சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அது வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

முன்னறையில் சாம்பல் நிறத்தில், வழவழவென்று, ஈரமாக ஒரு தரை. கதவு நிலையும் ஷட்டரின் தடமும் அதற்குள் நட்டுக்கொண்டு நின்றன. கொத்தனார் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தரையின் ஒரு மூலைக்கு வெளியே, மட்டம் பார்க்கிற நூலின் ஒரு முனையைப் பிடித்தபடி, முழங்கைவரை சிமெண்டோடு நின்றிருந்தான் அவள் கணவன்.

அவள் அவனைப் பார்த்தாள்.

“சொல்லத்தான் வந்தேன்” என்றான் தாழ்ந்த குரலில். “வந்ததும், ‘வாடா, சரியான நேரத்துக்கு வந்தே, இந்த நூலைப் பிடி’ன்னாரு. பிடிச்சுட்டேன். விட்டா மட்டம் போயிடும்னாரு.”

“இப்ப வேலை முடிஞ்சுதுல்ல?”

“முடிஞ்சுது.”

“இன்னும் ஏன் பிடிச்சுட்டு இருக்கீங்க?”

அவன் கையிலிருந்த நூலைப் பார்த்தான். அப்போதும் விடவில்லை.

லிஃப்ட்காரர் தெருவோரத்தில், ஈரத் தரைக்கு எதிரே, முதுகு நிமிர்ந்து நின்றிருந்தார். மருமகளைக் கண்டதும் முகமெல்லாம் பல். இல்லாத ஒரு கம்பிக்கதவை வலது கையால் இழுத்துத் திறந்தார். இடது கையால் உள்ளே காட்டினார்.

“தரைத்தளம்! மெதுவா ஏறுங்க. கால் தட்டாது.” பிறகு தன் குரலுக்குத் திரும்பி, “இறுகினதும் முதல்ல உன் அத்தைதான் நடக்கணும். சுவரைப் பிடிக்காம” என்றார்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உள்ளறை வாசலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். பொத்தான் தைக்கவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் பையைத் திறந்து பிரதியை எடுத்தாள். ஈரத் தரைக்குக் குறுக்கே கொத்தனார் போட்டிருந்த பலகைமேல் நடந்து, அதை மாமியாரிடம்தான் முதலில் கொடுத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கண்ணாடி போட்டிருந்தவர் அவர்.

மாமியார் படித்தார். திரும்பத் திரும்பப் பார்க்கவில்லை. அளவுகளோடு பிழைக்கிறவர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவி, ஒரு முனையைப் பாதத்தின் கீழ் வைத்து, நாற்பத்தைந்தில் விரலை வைத்து மேலே நீட்டினார். அறுபதில் பதினைந்து போனால் நாற்பத்தைந்து. விரல் அவர் முட்டியில் வந்து நின்றது.

“சரியா முட்டிக்கு வருது” என்றார்.

“எது?” என்றார் கணவர் வெளியிலிருந்து.

“ஒரு ஆர்டர்.” நாடாவைச் சுருட்டினார். மருமகளிடம் மட்டும், உதடு அசையாமல், “நல்லதுதான். ரோட்டுல நிக்கறவனுக்கு நான் ஸ்டூல்ல உக்காந்தபடியே பேண்ட் அடி மடிச்சுடலாம். குனிய வேண்டாம்” என்றார்.

சிரிக்க வேண்டிய இடம் என்று இருவருக்கும் தெரிந்தது. இருவரும் சிரிக்கவில்லை.

“என்னது, புதுப் பிரிண்டா? குடு குடு” என்று கை நீட்டினார் லிஃப்ட்காரர்.

பிரதி பலகைமேல் திரும்பி வந்து அவர் கைக்குப் போனது. அவர் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். எழுத்து தெரியவில்லை. ஆனால் கோடு தெரிந்தது. ரோட்டிலிருந்து கிளம்பி, ஓரத்தைத் தாண்டி, வீட்டுக்குள் போகிற ஒரே நேர்க்கோடு. நடுவில் ஒரு படி இல்லை, ஒரு நெளிவு இல்லை. எத்தனையோ வருஷம் அவர் கைப்பிடியால் தேடிய கோடு.

“அட!” என்றார். “பாருடி. ஒட்டி நிக்குது பாரு. ரோடும் நம்ம தரையும் ஒண்ணா நிக்குது. நான் இறக்கினதை இவங்க படத்துலயே போட்டுட்டாங்க!”

மருமகள், “மாமா, அது...” என்றாள்.

“யோவ் பேக்கரி! இங்க வாய்யா!”

பேக்கரிக்காரர் வந்தார். தரையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மாவு படாத விரலால் கோட்டைத் தொட்டு, ரோட்டிலிருந்து வீட்டுக்குள் நகர்த்திக்கொண்டு போனார். விரல் எங்கும் தட்டவில்லை.

“ஒட்டித்தான் நிக்குது அண்ணே” என்றார். வாழ்க்கையில் முதன்முறையாக இரண்டாவது தரம் யோசிக்காமல், “அந்தச் சுத்தியலை நான் எடுத்துக்கட்டா?” என்றார்.

“எடுத்துட்டுப் போ. பிடி கொஞ்சம் லூஸ், பாத்து.”

“அண்ணா, அவசரப்படாதீங்க, ஒரு நிமிஷம்...” என்றாள் மருமகள்.

பேக்கரிக்காரர் நின்று, மனம்விட்டுச் சிரித்தார். “அவசரமா? என்னைப் பாத்தா? என் வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லும்மா, நம்பவே மாட்டா.” சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

லிஃப்ட்காரர் படத்தை இன்னொரு முறை தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளினார். கை முடிந்துவிட்டது.

“கோடு தெரியுது. நம்பர்தான் இந்தத் தடவை ரொம்பச் சின்னதா போட்டுட்டே.” சற்று யோசித்து, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். “டேய், உன் கடைக் கண்ணாடி ஒண்ணு குடுடா. இதை நானே படிக்கணும்.”



எத்தனை சட்டை மாறிய கண்ணாடி அது. மகனின் கை தானாகப் பையை நோக்கி எழுந்தது. பையில் கண்ணாடிக் கூடு புடைத்துக்கொண்டிருந்தது. மனைவி பார்த்தாள். அம்மா பார்த்தார். கை பையைத் தொட்டு, அங்கிருந்த சிமெண்ட் துளியைத் தட்டிவிட்டுக் கீழே இறங்கியது.

“கடையில இருக்குப்பா” என்றான். “நாளைக்கு எடுத்துட்டு வரேன்.”

“சரி, நாளைக்கு. பேப்பர் எங்க ஓடிடப்போகுது?”

படத்தை மார்போடு வைத்துச் சுருக்கம் நீவினார். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து முதல் அடி கேட்டது. கல் விட்டுக்கொடுக்கிற சத்தம். அடுத்து இரண்டாவது. அதற்கடுத்து, எதிர் வரிசையில் யாரோ கதவைத் திறந்து, “நாமளும் உடைக்கணுமா?” என்று கேட்டார்கள்.

லிஃப்ட்காரர் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு, மருமகளைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார்.

“கேட்டியா எஞ்சினியரம்மா? தெருவே உன் எழுத்தைத்தான் நம்புது.”